நிறுத்தி வைத்த காரும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் - ஒரு சின்ன வரலாறு

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு சித்தப்பாவிடமிருந்து போன். "டேய், நீ பி.காம். தானே படிக்கிற? இன்சூரன்ஸ் எல்லாம் உங்களுக்குப் பாடத்துல வரும்ல? கொஞ்சம் வீட்டுக்கு வாடா."

போய்ப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஓசூர் பாகலூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரின் வலது பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. ராத்திரி ஏதோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டுப் போயிருக்கிறது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் லாரிக்கா பஞ்சம்? 1970களில் சிப்காட் வந்ததிலிருந்தே ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சித்தப்பா பதட்டப்படவில்லை. "இன்சூரன்ஸ் இருக்குல்ல, பார்த்துக்கலாம்" என்று பாலிசியை எடுத்து நீட்டினார். படித்துப் பார்த்த நான்தான் பதட்டமானேன். தேர்ட் பார்ட்டி மட்டும்! ஒரு பைசா வராது.

"வருஷா வருஷம் கட்டுறேனேடா. கட்டலேன்னா போலீஸ் ஃபைன் போடுறான். அப்புறம் எதுக்குடா அந்த இன்சூரன்ஸ்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

கட்டாயம் யாருக்காக வந்தது?

கார்கள் பெருகியபோது இங்கிலாந்தில் ஒரு பிரச்சனை எழுந்தது. காரில் அடிபட்டவர் வழக்குப் போட்டு ஜெயிப்பார், ஆனால் இடித்தவரிடம் கொடுக்கப் பணம் இருக்காது. தீர்ப்புத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் 1930ல் அங்கே சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்து, வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் மூன்றாம் நபருக்கான காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

அதே யோசனைதான் நம் நாட்டுக்கும் வந்தது. 1939ல் மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறியது. அதில் காப்பீட்டைச் சொல்லும் எட்டாம் அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. 1956ல் வந்த திருத்தம், விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது. பிறகு 1988ல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு இப்போதுள்ள சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

இந்த வரலாறு முழுவதிலும் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் கவலைப்பட்டது அடிபட்டவரைப் பற்றி, அவருடைய குடும்பத்தைப் பற்றி. காரைப் பற்றியோ கார் வைத்திருப்பவரைப் பற்றியோ அது கவலைப்படவே இல்லை. கார் வாங்க வசதி உள்ளவர் தன் காரைத் தானே பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. 1946ல் அது சரியாக இருந்திருக்கலாம். பழைய காரை இ.எம்.ஐ. போட்டு வாங்கும் இந்தக் காலத்துக்கு?

சித்தப்பாவும் ஒரு தேர்ட் பார்ட்டிதான்!

இங்கே ஒரு வேடிக்கை. அந்த லாரிக்காரரின் பாலிசியைப் பொறுத்தவரை சித்தப்பாதான் மூன்றாம் நபர். லாரி நம்பர் கிடைத்திருந்தால், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தீர்ப்பாயம் மூலமாக கார் சேதத்துக்கு இழப்பீடு கேட்டிருக்கலாம்.

ஆனால் அதிலும் சட்டம் கையைச் சுருக்கித்தான் வைத்திருந்தது. மனித உயிருக்கு வரம்பு இல்லாமல் பொறுப்பேற்க வைத்த 1988 சட்டம், மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்குக் கட்டாயமாக்கிய வரம்பு வெறும் 6,000 ரூபாய். 2002ல் வந்த மோட்டார் கட்டண விதிகளில் இது கார்களுக்கு ஏழரை லட்சம் வரை உயர்ந்தது. அப்போதும்கூட "எனக்கு 6,000 போதும்" என்று சொல்லி பிரீமியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வழி வைத்திருந்தார்கள்.

சரி, இடித்துவிட்டு ஓடிப்போனால்? அதற்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. நல்ல விஷயம்தான். ஆனால் காருக்கு அதில் இடம் இல்லை.

ஒரே வருடம், இரண்டு சம்பவங்கள்

நிற்கும் வண்டியைப் பற்றிச் சட்டம் யோசிக்கவே இல்லையா? யோசித்தது, 1991ல்.

1987ல் மகாராஷ்டிராவில் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரியோடு மோதிக் கவிழ்ந்தது. அதிலிருந்து பெட்ரோல் கசிந்தது. சில மணி நேரம் கழித்து அது வெடித்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். "வண்டி அப்போது ஓடவே இல்லையே, நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்பது எதிர்த்தரப்பு வாதம். 1991 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நின்றுகொண்டிருந்தாலும், பழுதாகி அசையாமல் கிடந்தாலும் வண்டி 'பயன்பாட்டில்' இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. அதாவது நிற்கும் வண்டி அடுத்தவருக்குத் தீங்கு செய்தால் கட்டாய இன்சூரன்ஸ் பொறுப்பேற்கும்.

நிற்கும் வண்டிக்கே தீங்கு வந்தால்? அதையும் அதே 1991 டிசம்பரில் எங்கள் எல்லைப்புறம் பார்த்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு டிசம்பர் 11 அன்று அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. வீடுகள், கடைகளோடு தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளும் எரிந்தன. அப்போது அங்கிருந்து தப்பி ஓசூர் வந்தவர்களின் கதைகளை இன்றைக்கும் எங்கள் தெருவில் பெரியவர்கள் சொல்வார்கள்.

நான் பார்த்தது 2016. அப்போது ஏழாம் வகுப்பு. செப்டம்பர் 12, திங்கள்கிழமை. உச்ச நீதிமன்றம் காவிரியில் விநாடிக்கு 12,000 கன அடி திறக்கச் சொன்ன நாள். பெங்களூரில் ஒரு பணிமனையில் நிறுத்தி வைத்திருந்த கே.பி.என். பேருந்துகளைக் கொளுத்திவிட்டார்கள். 40 பேருந்துகளுக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அவை ஓடிக்கொண்டிருந்தவை அல்ல, வரிசையாக நின்றுகொண்டிருந்தவை. ஓசூரோடு பஸ்கள் நின்றுவிட்டன. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே மக்கள் பெட்டி படுக்கையோடு நடந்து போனார்கள். டி.என். 70 என்ற நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே பயமாக இருந்த நாட்கள் அவை.

இந்த மாதிரிக் கலவரத்தில் எரிந்த வண்டிக்கு இழப்பீடு உண்டா? உண்டு, ஆனால் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து பாலிசி எடுத்தவர்களுக்கு மட்டும். 2002 விதிகளின்படி தீ, திருட்டு, கலவரம், வேலைநிறுத்தம், வெள்ளம், நிலநடுக்கம், வேண்டுமென்றே செய்யும் நாசவேலை, தீவிரவாதம் எல்லாமே அந்தப் பகுதியில் அடக்கம். பாலிசி இந்தியா முழுவதும் செல்லும், எல்லை தாண்டினால் செல்லாது என்ற பயம் வேண்டாம். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தவருக்கு? நடு ரோட்டில் எரிந்தாலும் வாசலில் நசுங்கினாலும் ஒரே பதில்தான்.

இனி கணக்குப் பாடம் :-)

சித்தப்பா 'ஃபுல் இன்சூரன்ஸ்' எடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? போட்டுப் பார்த்தேன். ஆறு வருஷம் ஓடிய கார், வரியை விட்டுவிட்டு மொத்த பில் 33,000 ரூபாய்.

பம்பர் 6,000. பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், வருவது 3,000.
கதவு 10,000. ஐந்து முதல் பத்து வருஷ வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிவு, வருவது 6,000.
கண்ணாடி 4,000. தேய்மானம் கிடையாது, முழுசாக வரும்.
பெயிண்டிங் 8,000. அதில் கால் பங்கு பெயிண்ட் விலை, அந்தக் கால் பங்கில் பாதி கழியும், வருவது 7,000.
டிங்கரிங் கூலி 5,000. முழுசாக வரும்.

ஆக 25,000. சின்ன எஞ்சின் கார் என்பதால் கட்டாயக் கழிவு 1,000 போக 24,000.

ஆனால் இதோடு முடியவில்லை. கிளெய்ம் வாங்கினால் 'நோ கிளெய்ம் போனஸ்' பூஜ்ஜியமாகிவிடும். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறுவது. சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்று வைத்து, 50 சதவீதத்தில் இருந்தவர் கீழே விழுந்து மறுபடி ஏறி வருவதற்குள் மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பார். ஆக உண்மையான லாபம் 11,500தான். வெறும் பம்பர் மட்டும் உடைந்திருந்தால் கையில் வருவது 2,000, போவது 12,500. அதற்குக் கிளெய்ம் போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்!

காப்பீடு என்பது நஷ்டத்தை ஈடு செய்வது, லாபம் சம்பாதிப்பது அல்ல என்று வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அது இந்தத் தேய்மான அட்டவணையில்தான் ஒளிந்திருக்கிறது. 1973ல் பொதுக்காப்பீடு தேசியமயமாகி 107 கம்பெனிகள் நான்காக இணைந்த பிறகு, ஊருக்கெல்லாம் ஒரே கட்டணம். 2000க்குப் பிறகு தனியார் வந்தார்கள். 2007 ஜனவரியில் சொந்தச் சேதக் கட்டணத்தின் கட்டுப்பாடு விலகியது. அதன் பிறகு வந்ததுதான் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் தேய்மானம் பிடிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்'.

2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று வருஷ இன்சூரன்ஸ் கட்டாயமானது, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி. எது கட்டாயம்? மறுபடியும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான். சொந்தச் சேதத்தைத் தனி பாலிசியாக வாங்கிக்கொள்ள 2019 செப்டம்பரில் வழி பிறந்தது. ஆனால் அது இன்றும் நம் இஷ்டம்.

சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

மறுநாள் அவரிடம் சொன்னேன். "சித்தப்பா, நீங்க கட்டுனது வீண் இல்ல. உங்க கார் நாளைக்கு யார் மேலயாவது மோதிட்டா, அவங்க குடும்பம் நடுத்தெருவுக்கு வராம இருக்க நீங்க கட்டுன பணம் அது. உங்க காருக்கு நீங்க எதுவுமே கட்டல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இதை பாலிசி எடுக்கும்போதே ஒருத்தன் சொல்லியிருந்தா..." என்றார்.

அதுதான் என் வருத்தமும். எண்பது வருஷமாக ஒரு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். அது யாருக்கானது என்று கட்டுகிறவருக்குப் புரிகிற மொழியில் சொல்வதை யாரும் கட்டாயமாக்கவில்லை. "இன்சூரன்ஸ் இருக்குல்ல" என்று நிம்மதியாகத் தூங்கும் சித்தப்பாக்கள் எத்தனை பேர்!

உங்கள் வீட்டு பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் 'சொந்தச் சேதம்' என்ற தலைப்பில் பிரீமியம் போட்டிருக்கிறதா? இருந்தால், நாளைக்கு ஏதாவது ஆனால் வண்டியை உடனே ஒர்க்‌ஷாப்பில் பிரிக்க விடாதீர்கள். முதலில் போட்டோ, கம்பெனிக்குத் தகவல், பிறகு சர்வேயர். இடித்தது வேறு வண்டி என்றால் நம்பரும் போலீஸ் புகாரும் முக்கியம். கம்பெனி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், தமிழ்நாட்டுக்குச் சென்னையில், கர்நாடகாவுக்குப் பெங்களூரில். செலவில்லாமல் புகார் கொடுக்கலாம்.

சித்தப்பா 33,000 ரூபாயையும் சித்தியின் சீட்டுப் பணத்திலிருந்து கட்டினார். இந்த வருஷம் பாலிசி புதுப்பிக்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். கார் இப்போதும் அதே தெருவில்தான் நிற்கிறது.