மிஞ்சிய சோறு சொன்ன பாடம்

தோட்டத்து வாசலில் நாய் படுத்திருப்பதும் அடுப்படியில் பூனை சுற்றுவதும் பாடாங் மேஹாவில் நமக்குப் பழகிய காட்சிகள். அவற்றுக்கு நாம் போடுவது பெரும்பாலும் நாம் உண்டு மிஞ்சிய சோறுதான். இந்த மிச்சச் சோற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று கால்கள் துவண்டன. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றின் தீனி. பின்னர் ஒரு புதிய சமையற்காரர் வந்தார். சிப்பாய்களின் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டோடு போன சத்துதான் காரணம் என்று பின்னாளில் தெளிவாயிற்று. 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அதே கதை மலாயாவிலும் நடந்தது. வெள்ளையரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரியால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அதிகம் தொடவில்லை. இதை டாக்டர் பிராடன் 1907-இல் எடுத்துக் காட்டினார். ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவானியரிடையே சோதித்து, 1909-இல் அதை உறுதிப்படுத்தினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் முன்னோர் இதை அறிந்து உண்ணவில்லை, பழக்கத்தால் உண்டனர். ஆனாலும் நாம் சற்றுப் பெருமைப்படலாம்.

நாய்க்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். கணைநோய்க்கு மீன் எண்ணெய் மருந்தாகும் என்பதை முதலாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் மெல்லன்பி நாய்க்குட்டிகளிடம்தான் கண்டார். 1937-இல் அமெரிக்காவில் நாய்களின் கருநாக்கு நோயைத் தீர்த்த சத்தே, சோளத்தை மட்டும் உண்ட ஏழை மக்களின் பெலாக்ரா நோயையும் தீர்த்தது.

ஆனால் நாயும் பூனையும் ஒன்றல்ல. மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்த நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைவிடக் கூடியிருக்கிறது என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே அதற்குச் சோறு போடலாம். கூடவே முட்டை, ஈரல், வேகவைத்த மீன், பூசணி என்று ஏதாவது சேர வேண்டும். குழம்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் இரண்டின் இரத்தத்தையும் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பூனையோ பிறவியிலேயே ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் அதன் கண் பார்வை கெடுவதை 1975-இலும், இதயம் தளர்வதை 1987-இலும் கண்டனர். கடையில் வாங்கிய பூனைத் தீனியைத் தின்ற பூனைகளுக்கே அந்த இதய நோய் வந்தது. அதன்பிறகே தீனியில் அச்சத்தைக் கூட்டினர். வெறும் சோறும் கருவாட்டுத் துண்டும் பூனைக்குப் போதா. மீனை வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஆறவைத்துச் சேர்த்தே வையுங்கள், டாரின் அதில்தான் கரைகிறது. பச்சை மீனை நாள்தோறும் போடவும் கூடாது. சிலவகை மீன்களில் அந்தத் தவிட்டுச் சத்தையே அழிக்கும் பொருள் இருக்கிறது. அதை ஓயாமல் தின்னும் பூனையும் எய்க்மானின் கோழிகளைப் போலவே தள்ளாடும்.