மேற்பார்வைப் பொறுப்பு (இந்திய அரசுப் பணி)

கீழ்நிலை ஊழியரின் நேர்மைக்கு மேலதிகாரியையும் பொறுப்பாக்கும் நடத்தை விதி. மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964-இன் 3(2) பிரிவில் உள்ளது; தன் கட்டுப்பாட்டில் உள்ளவர்களின் நேர்மையையும் கடமையுணர்வையும் உறுதிசெய்ய, மேற்பார்வைப் பதவியிலிருப்பவர் இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டில், ஊழல் தடுப்புக்கான கே. சந்தானம் குழுவின் பரிந்துரைப்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அமைந்தது. 2003-இல் சட்டத் தகுதி பெற்றது.

நடைமுறையில் செய்தியில் அடிபடுபவர், லஞ்சப் பொறியாகப் பினாப்தலின் தடவிய நோட்டை வாங்கி, சோடியம் கார்பனேட் கரைசலில் கைகழுவ, அது இளஞ்சிவப்பாக மாறக் கையும் களவுமாக நிற்கும் எழுத்தர். கோப்பை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டுப் பேரத்துக்கு இடம்கொடுத்த மேலதிகாரி அந்தப் பொறியில் அகப்படுவதில்லை. திடீர் ஆய்வு, இடமாற்றம், சொத்து விவர அறிக்கை எல்லாம் அவர் கையில்தான் இருந்தன. வெறும் மேற்பார்வைக் குறைபாடு 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றமன்று. துறை நடவடிக்கைக்கு மட்டுமே உரியது.