நரைமூதாளர் கூடிய இடங்கள்

வயதானவர்கள் நாலு பேர் திறந்த வெளியில் கூடிப் பொழுது போக்குவது, ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலையில் மியூசியம் வளாகத்தில் பத்துப் பேர் கைதட்டிச் சிரிப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்தக் கூட்டத்தின் வயது இரண்டாயிரம் ஆண்டு. சாட்சி நம் புறநானூற்றிலேயே இருக்கிறது.

புறநானூற்றின் 52-ஆம் பாட்டு மருதன் இளநாகனார் பாடியது. பாண்டிய மன்னன் படையெடுத்ததால் பாழான பகைவர் நாட்டைப் புலவர் காட்டுகிறார். வீடு எரிந்தது, வயல் காய்ந்தது என்று வழக்கமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கண் போன இடம் வேறு. ஊர்ப் பொதியிலில் தெய்வம் தூணை விட்டுப் போய்விட்டது, பலி நின்றுவிட்டது. நரைத்த கிழவர்கள் வல்லாடிக் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன இடத்தில் காட்டுக்கோழி வந்து முட்டை இட்டிருக்கிறது. அந்தக் காய்க்குப் பாட்டில் 'நாய்' என்று பெயர். நாலுகால் பிராணி இல்லை, சூதாட்டக் கருவி என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். ஒரு ஊர் செத்துவிட்டது என்பதற்குப் புலவருக்குக் கிடைத்த அடையாளம் கிழவர்களின் ஆட்டம் நின்றுபோனதுதான். இதை முதன்முதலில் கடையில் கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து படித்தபோது, சரக்குக் கேட்டு நின்றவரைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டேன்.

அகநானூறு 377-ஆம் பாட்டிலும் இதே கிழவர்கள் வருகிறார்கள். நிழலில் உட்கார்ந்து, நடுங்கும் தலையைக் கவிழ்த்து, எந்தக் காயை நகர்த்தலாம் என்று இரண்டு மனதாக யோசித்து ஆடிய வல்லுப் பலகை. பிறகு அதைக் கறையான் அரித்துவிட்டது. ஆக ஒரு புலவர் தற்செயலாகச் சொன்னது அல்ல. மரநிழல், மன்று, நரைத்த தலைகள், ஆட்டம் என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஊர் என்று அன்றைக்கு எண்ணியிருக்கிறார்கள்.

'பொதியில்' என்பது பொது இல், அதாவது எல்லாருக்கும் சொந்தமான வீடு. 'அம்பலம்' என்ற சொல்லுக்கும் தமிழில் பொது இடம் என்றே பொருள். ஒரு சங்கதியை அம்பலப்படுத்துவது என்றால் பொதுவில் போட்டு உடைப்பது. நாம் குடியேறி வாழும் இந்த மலையாள நாட்டிலோ அம்பலம் என்றால் கோயில். இலங்கையில் சிங்களவர்கள் வழிப்போக்கர் தங்கும் மண்டபத்தை 'அம்பலம' என்கிறார்கள். கோயில், சத்திரம், ஊர்மன்றம் மூன்றுக்கும் ஒரே சொல் பங்கு போட்டுக் கிடைத்திருப்பதைப் பார்த்தால், கும்பிடுவதும் இளைப்பாறுவதும் வம்பு பேசுவதும் ஒரே கூரையின் கீழ் நடந்த காலம் ஒன்று இருந்தது என்று கொள்ளலாம். இது என் ஊகம்தான். மொழியறிஞர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

இனி நம் ஸ்ரீவராகத்துக்கு வருவோம். கோட்டைக்கு வெளியே, பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், லட்சுமி வராக மூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் உள்ளன. நகரத்தில் மிஞ்சியிருக்கிற பெரிய கோயில் குளங்களில் இது ஒன்று. குளம் என்றால் குளிக்க மட்டும் என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கும். குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் குளப்படிதான் வயதானவர்களின் சபை. விடியற்காலையில் குளிக்க வந்தவர் எழுந்து போக ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் யார் வீட்டில் கல்யாணம், யார் பிள்ளைக்கு உத்தியோகம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லாம் வெளியே வந்துவிடும். ஒருவர் இரண்டு நாள் படிக்கு வரவில்லையென்றால் மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். இன்றைக்கு இதைச் செய்ய அரசாங்கம் ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

குளமும் கிழவரும் என்றால் புறநானூற்றின் 243-ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் பெற்ற புலவரின் பாட்டு அது. பூண் கட்டிய கைத்தடியைப் பற்றிய அவருடைய சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. இருமலுக்கு நடுவே பேசும் அந்த முதியவர், மரக்கிளையில் ஏறி ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் கொண்டுவந்த இளமையை நினைத்து ஏங்குகிறார். நாலடியாரும் தொடக்கத்திலேயே இளமை நிலையாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. சமண முனிவர்கள் அதைச் சொன்னது பற்று விடுவதற்காக. விழுத்தண்டினார் சொன்னது பற்றினால். இரண்டில் எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் குளப்படியில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், விழுத்தண்டினார் கட்சிதான் அதிகம்.

கோட்டைக்குள்ளும் வலியசாலை, கரமனை அக்ரகாரங்களிலும் தமிழர் குடியேறியபோது திண்ணையையும் கூடவே கொண்டுவந்தார்கள். தெருவைப் பார்த்த திண்ணை வீட்டுக்காரருக்கும் சொந்தம், வழியில் போகிறவருக்கும் சொந்தம். மலையாளிகளுக்கு அதே வேலையைச் செய்தது ஆல்த்தறை, அதாவது ஆலமரத்தையோ அரசமரத்தையோ சுற்றிக் கட்டிய மேடை. அங்கே சீட்டாட்டம் நடக்கும். 'அம்பத்தாறு' என்று ஒரு ஆட்டம், ஆறு பேர் மூன்றுக்கு மூன்று கட்சி கட்டி ஆடுவது. தோற்றவர் காதில் 'குணுக்கு' மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். எழுபது வயதுக்காரர் காதில் குணுக்கோடு வெட்கப்பட்டுச் சிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு, வல்லாடிய நரைமூதாளர் எங்கேயும் போய்விடவில்லை என்று தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்தின் வாசகசாலை. 1829-இல் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கிய திருவனந்தபுரம் பொது நூலகம் பெரிய மனிதர்களுக்கானது. சாதாரண ஊர்க் கிழவருக்குப் பெஞ்சும் பத்திரிகையும் கிடைத்தது 1945-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு பி.என். பணிக்கர் முயற்சியில் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் உருவானது. ஒரே பத்திரிகையை ஏழு பேர் தாள் தாளாகப் பிரித்துப் படித்துவிட்டு, ஏழு கட்சியாகப் பிரிந்து வாதாடுவது இங்கே மூத்தோரின் தினசரி உடற்பயிற்சி. உடம்புக்கு இல்லாவிட்டாலும் தொண்டைக்கு நல்லது.

நடைப்பயிற்சி என்ற பெயரில் கூடுவது பிற்காலத்து வழக்கம். சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் வரைந்த நேப்பியர் மியூசியம் 1880-இல் எழுந்தது. அதைச் சுற்றியுள்ள தோட்டமும் பக்கத்துக் கனகக்குன்னும்தான் இன்றைக்கு நகரத்தின் நடைமேடை. ஸ்ரீவராகத்துக்காரர்களுக்கு அது தூரம். கிழக்கேகோட்டைக்கு வந்து பஸ் பிடித்து நடக்கப் போவது என்பது எனக்கு ஒப்பவில்லை. சங்குமுகம் கடற்கரைக்குப் போகலாம் என்றால் கடல் விடவில்லை. 2018 முதல் அரிப்பு கரையைத் தின்றது. 2021 மே மாதப் புயலில் கரையோரச் சாலையே இடிந்து விழுந்தது. பைங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் அந்தக் கடற்கரைக்குத்தான் போகிறது. வருஷத்தில் இரண்டு நாள் விமான நிலையமே சில மணி நேரம் ஓடுபாதையை மூடி வழி விடுகிறது. சுவாமிக்கு விமானம் நிற்கும். கைத்தடி ஊன்றி வரும் பெரியவர் சாலையைக் கடக்க ஆட்டோகூட நிற்காது.

இதுவரை சொன்னது எல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். மன்று, திண்ணை, ஆல்த்தறை, வாசகசாலை எதிலும் பாட்டிக்கு இடம் இல்லை. குளத்தில் பெண்களுக்குத் தனித் துறை உண்டு, அவ்வளவுதான். அவர்களுக்கென்று வெளி கிடைப்பது திருவிழாவில்தான். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து சேரும் நாளில் வழிநெடுகப் பாருங்கள். குத்துவிளக்கோடு காத்திருப்பவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். இதைவிடப் பெரியது ஆற்றுக்கால் பொங்கல். ஸ்ரீவராகத்துக்கும் மணக்காட்டுக்கும் பக்கத்திலேயே உள்ள கோயில். 1997-இல் 15 லட்சம் பெண்கள், 2009-இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மூன்று செங்கல் வைத்துத் தெருவில் அடுப்பு மூட்டும் அன்றைக்குத் தெரு முழுவதும் பெண்களுடையது. யார் வீட்டு வாசல், யார் சாதி, எந்த மொழி என்ற கேள்வியே இல்லை. கண்ணகியின் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயில் என்பதால் நமக்கு அதில் கூடுதல் உரிமை உண்டு. இளங்கோவடிகள் எங்களவர் என்று நாங்கள் கொண்டாடுவது வேறு விஷயம்.

ஆனால் பொங்கல் ஒரு நாள். மீதி 364 நாள்? என் கடைக்கு ஒரு அம்மா வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் காலமான பிறகு மகன் இங்கே அழைத்துவந்து நாலாவது மாடியில் வைத்திருக்கிறான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. "அண்ணாச்சி, ஊர்ல இருந்தா சாயங்காலம் வாசல்ல உக்காந்திருப்பேன், போறவ வாறவ எல்லாம் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவா. இங்க லிப்டுக்குள்ள நிக்கவுங்ககூட மொகத்தப் பாக்க மாட்டேங்காவ" என்றார். கால் கிலோ உளுந்து வாங்க வந்தவர் முக்கால் மணி நேரம் நின்றார். மகன் இருக்கிறான், மருந்து இருக்கிறது, டிவியில் தமிழ்ச் சேனல் இருக்கிறது. பேச ஆள் இல்லை. பிழைக்க ஊரைவிட்டு வந்த குடும்பங்களில் இந்த நிலைமை மலையாளி வீட்டைவிட நம் வீட்டில்தான் கடுமை. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பாஷையாவது தெரியும்.

உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது. ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் 1947-இல் 'கேட்பால்' என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். மரச்சுத்தியலால் பந்தைத் தட்டிச் சிறு வளைவுகளுக்குள் அனுப்புவது. ஐந்து பேருக்கு ஒரு அணி. போருக்குப் பிறகு விளையாட்டுச் சாமான் கிடைக்காத குழந்தைகளுக்காகச் செய்தது, கடைசியில் தாத்தா பாட்டிகள் கையில் போய்ச் சேர்ந்தது. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். பிரான்சில் துலூஸ் நகரத்தில் 1973-இல் முதியோருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். பம்பாயில் 1995 மார்ச் 13 அன்று டாக்டர் மதன் கட்டாரியா ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு ஆரம்பித்த சிரிப்பு மன்றம்தான் இன்று உலகம் பூராவும் பரவியிருக்கிறது. ஐந்து பேர் என்பதைக் கவனியுங்கள். நம் சங்கத்தில் ஒரு துணைக் கமிட்டி போடவே அதைவிட அதிகம் பேர் வருகிறார்கள்.

கேரளத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். இந்தியா முழுவதற்கும் அது எட்டரை அளவு. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. நகரங்களில் 65 வயதானவர்களுக்கு 'வயோமித்ரம்' என்ற நடமாடும் மருத்துவ உதவி, பகல் நேரம் தங்கப் 'பகல்வீடு', 2025-இல் முதியோருக்கென்று தனி ஆணையம் அமைக்கச் சட்டம். எல்லாம் வரவேற்கத்தக்கதே. ஆனால் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பதும், காற்றாட உட்கார்ந்து பேசுவதும் ஒன்றாகிவிடாது. நரைமூதாளருக்கு அன்று யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. நிழலும் உட்கார இடமும் இருந்தது. நம் சங்கம் வாரம் ஒரு மாலை குளக்கரையில் தமிழ் பேசும் பெரியவர்களை, முக்கியமாகப் பெண்களை, ஒன்றாக உட்கார வைத்தால் போதும். பாய் நாலு, பல்லாங்குழி இரண்டு, தாயக்கட்டை ஒரு ஜோடி. செலவு என் பொறுப்பு. மேடை, மைக், பொன்னாடை வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு முறை வெளியூர்ப் பயணமும் வைக்கலாம். முதல் பயணத்துக்குச் சிதறால் மலையைச் சொல்வேன். மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்து பிறகு தமிழ்நாட்டுக்குப் போன பகுதி. திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பகவதி கோயிலாகவும் ஆனது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண்துறவி அங்கே பொன் கொடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு பெண் ஆசிரியரின் பெயர் கல்லில் நிற்கிற இடத்துக்கு நம் பாட்டிமாரை அழைத்துப்போவதில் எனக்குத் தனி ஆசை உண்டு. அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை இருக்கிறது. வெயிலுக்கு முன் ஏற வேண்டும், ஆகவே ஆறு மணிக்குக் கிழக்கேகோட்டையில் வேன் நிற்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் பாதி வழியில் மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம். துணைக்கு ஒருவரும் ஒரு தாயக்கட்டையும் அவர்களோடு இருக்கட்டும். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டால் போதும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லலாம், அல்லது சாலைக் கடைவீதியில் என் கடைக்கு வந்து சொன்னாலும் எழுதிக்கொள்வேன்.