காட்டைக் காக்கக் காசு கொடுத்தது யாரு? நம்ம மாவட்டத்துக் காட்டுக் கணக்கு



குழுக் கூட்டத்துல நாம முதல்ல பார்க்கிறது வரவு செலவு நோட்டு. யார் எவ்வளவு கட்டினாங்க, யாருக்குப் போச்சு, மீதி எவ்வளவு என்று பார்க்காமல் கூட்டம் முடியாது. அதே மாதிரி நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக் காட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் காட்டை இத்தனை காலம் யார் காத்தாங்க, அதுக்குச் செலவு பண்ணினது யார், பலன் யாருக்குப் போச்சு? மலருக்கு ஏதாவது எழுதுங்க என்று தலைவி அக்கா சொன்னபோது, இந்தக் கணக்கை எழுதலாம் என்று தோன்றியது. ஏன்னா இப்போ "பருவநிலை மாற்றத்துக்கு மரம் நடணும், நிதி வருது" என்று நம்ம குழுக்களையும் கூப்பிடுறாங்க. முன்னாடி நடந்தது தெரிஞ்சாத்தான் இனிமேல் என்ன கேட்கணும் என்று தெரியும்.

முதல் கணக்கு கோயில் காடு. நம்ம பக்கத்துல அய்யனார் கோயில், முனி கோயில், காளி கோயில் இருக்கிற இடத்துல ஒரு சின்னக் காடு இருக்கும். குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் பெரிய குதிரை சிலையைப் பார்க்காதவங்க குறைவு. அது மாதிரி காடுகள்ல வீரை, பாலை, காயா, நாவல் என்று நாட்டு மரங்கள் நிற்கும். இதை உலர் பசுமைமாறாக் காடு என்று படிச்சவங்க சொல்றாங்க. மழை குறைவா இருந்தாலும் இலை உதிராமல் பச்சையாவே நிற்கிற காடு. சோழமண்டலக் கரையோரமாகத்தான் இந்த வகைக் காடு நம்ம நாட்டுல இருக்கு. இதைக் காக்க யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. "சாமி மரம், கொப்பு ஒடிக்கக் கூடாது" என்ற பயமும், வருஷா வருஷம் ஊர் போடுற வரியும்தான் காவல். காட்டுக்குப் போட்ட முதல் நிதி நம்ம ஊர்க்காரங்க நிதிதான்.

இரண்டாவது சமஸ்தானக் கணக்கு. தொண்டைமான் மன்னர்கள் காலத்துல காடு சமஸ்தானத்துச் சொத்து, வேட்டைக்காடும் இருந்தது. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்தது. காடு அரசாங்கத்து வனத்துறைக்கு வந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆச்சு. அதே 1974-ல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் தொடங்கப்பட்டது. அதுக்கப்புறம் நம்ம மாவட்டத்துல தைல மரத் தோட்டங்கள் பெருகின. தைல மரம் காகித ஆலைக்குப் போகும், அரசுக்கு வருமானம் வரும், வெட்டுறப்ப கூலி வேலையும் கிடைக்கும். ஆனால் தைலமரக் காட்டுக்குள்ள வரப்புப் போட்டு மழைத்தண்ணியை நிறுத்துறதால கண்மாய்க்குத் தண்ணி வரவில்லை என்று நம்ம மாவட்ட விவசாயிகள் பல வருஷமாச் சொல்லி வர்றாங்க. காடு என்று ஒரே பேர் சொன்னாலும், நாட்டு மரக் காடு வேற, வெட்டி விற்கிற தோட்டம் வேற. இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் மேற்கொண்டு படிக்கணும்.

மூன்றாவது வெளிநாட்டுக் கணக்கு. 1981-ல் சுவீடன் நாட்டு உதவியோட தமிழ்நாட்டுல சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. கண்மாய்க்குள்ளேயும் புறம்போக்கிலும் நாட்டுக் கருவேலம் வச்சாங்க. சீமைக் கருவேலம் இல்லை, இது நம்ம கருவேலம். மரம் முற்றினதும் ஏலம் விட்டு, பஞ்சாயத்துக்கும் பங்கு வந்தது. ஆனால் அப்போ பஞ்சாயத்துல பெண்கள் பேச்சுக்கு இடம் ஏது? விறகு பொறுக்குறது நாம, ஏலத்துல நிற்கிறது ஆம்பளைங்க என்றுதான் இருந்தது.

அந்த நிலைமை மாறினது அறிவொளி இயக்கத்தால. 1991-ல் நம்ம மாவட்டத்துல அறிவொளி வந்தது. அப்போ ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா காலத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்று, சைக்கிளும் கற்றாங்க. கல் உடைக்கிற பெண்கள் குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினாங்க. பூமியில இருக்கிற வளத்தைப் பெண்கள் கையில் கொடுத்தாலும் நடத்திக் காட்டுவாங்க என்று நம்ம மாவட்டம் காட்டியது.

1997-98-ல் மகளிர் திட்டம் தமிழ்நாடு முழுக்க வரத் தொடங்கியது. அதே 1997-ல்தான் ஜப்பான் கடனுதவியில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டமும் ஆரம்பித்தது. காட்டை ஒட்டின ஊர்கள்ல கிராம வனக்குழு வச்சாங்க. இந்தத் திட்டத்துல ஒரு நல்ல விஷயம் இருந்தது. விறகையும் மேய்ச்சலையும் நம்பி இருக்கிறவங்ககிட்ட "காட்டுக்குள்ள வராதே" என்று மட்டும் சொன்னால் அவங்க எதைத் தின்பாங்க? அதனால் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் வாங்கக் கடன் கொடுத்தாங்க. கட்டின பணம் வனக்குழுவுக்கே வந்து, அடுத்தவங்களுக்குக் கடனாப் போச்சு. நம்ம சுழல்நிதி மாதிரியேதான்.

இன்னொரு செய்தியும் அந்த 1997-ல்தான். அந்த வருஷம் ஜப்பானில் கியோட்டோ நகரத்துல உலக நாடுகள் கூடி, புகையைக் குறைக்க ஒப்பந்தம் போட்டாங்க. கோஸ்டா ரிக்கா என்ற சின்ன நாட்டுல, காட்டை வெட்டாமல் வச்சிருக்கிற நிலக்காரங்களுக்கு அரசாங்கமே காசு கொடுக்க ஆரம்பித்தது. பெட்ரோலுக்குப் போட்ட வரியிலிருந்து அந்தப் பணம். ஆனால் அங்கேயும் நிலம் யார் பேர்ல இருந்ததோ அவங்களுக்குத்தான் காசு. பட்டாவில் பேர் இல்லாத பெண்ணுக்கு அதில் என்ன கிடைச்சிருக்கும் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம்.

காட்டுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். வண்டி, ஆலை, அனல்மின் நிலையம் விடுற புகையில் கரியமில வாயு இருக்கு. அது வானத்துல சேரச் சேர பூமி சூடாகுது. மரம் அந்த வாயுவை எடுத்து, தண்டுலயும் வேர்லயும் மண்ணுலயும் கரியாச் சேமிக்குது. மரம் நிற்கிறவரை அது நம்ம சேமிப்பு. வெட்டி எரிச்சா, போட்ட பணத்தை எடுத்த மாதிரி திரும்ப வானத்துக்கே போயிரும். அதனால்தான் ஏற்கனவே நிற்கிற காட்டைக் காக்கிறது, புதுசா நடுறதைவிடப் பெரிய சேமிப்பு. 2030-க்குள்ள காடும் மரமும் வளர்த்து 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாச் சேமிப்போம் என்று இந்தியா உலக நாடுகளிடம் வாக்கும் கொடுத்திருக்கு.

நம்ம நாட்டுக்குள்ளேயே ஒரு பெரிய நிதி இருக்கு. காட்டு நிலத்தைச் சுரங்கத்துக்கோ ரோட்டுக்கோ அணைக்கோ எடுத்தால், எடுத்தவங்க ஈட்டுப் பணம் கட்டணும். அந்தப் பணத்துக்கு 2016-ல் தனிச் சட்டம் வந்தது. 90 சதவீதம் மாநிலங்களுக்கு, 10 சதவீதம் மத்திய அரசுக்கு. 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. ஒரு இடத்துல பழைய காடு போய், வேறொரு இடத்துல கன்று வைக்கிறது சரிக்குச் சரியாகுமா என்ற கேள்வி மட்டும் இன்னும் நிற்குது.

2018 நவம்பர் 16-ஐ நாம யாரும் மறக்க முடியாது. கஜா புயல் ஒரே ராத்திரியில வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி பக்கமெல்லாம் தென்னை, பலா, வாழையைச் சாய்ச்சுப் போட்டுது. பிள்ளை மாதிரி வளர்த்த பலா மரம் வேரோட கிடந்ததைப் பார்த்து வீடு வீடா அழுதோம். பருவநிலை மாற்றம் எங்கேயோ பனிமலையில் நடக்கிற விஷயம் இல்லை. கடல் சூடானால் புயலுக்குப் பலம் கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்றாங்க. நம்ம மாவட்டத்துக்குக் கடற்கரையும் இருக்கு. மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் இருக்கிற அலையாத்திக் காடு, அலையையும் காத்தையும் தாங்குற வேலி.

2022-ல் பல காரியங்கள் சேர்ந்து வந்தன. செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியது. அப்போ 23.7 சதவீதமா இருந்த காடு, மரப் பரப்பை 33 சதவீதம் ஆக்கணும் என்பது இலக்கு. அதே மாதம் நம்ம புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குப் பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. ஆவுளியா தின்கிற கடற்புல்லும் கரியைச் சேமிக்கிற காடு மாதிரிதான். ஜப்பான் உதவியோட சுமார் 920 கோடி ரூபாயில் பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. 2025 நவம்பரில் பிரேசில் நாட்டுப் பெலேம் நகரத்தில் நடந்த உலக மாநாட்டில், வெப்பமண்டலக் காடுகளை நிற்க வைக்கிற நாடுகளுக்கு வருஷா வருஷம் பணம் தர ஒரு நிதியை அறிவிச்சாங்க. அதில் 20 சதவீதம் காட்டோட வாழ்கிற மக்களுக்குப் போகணும் என்று விதி.

இப்போ கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். ஊர், மன்னர், அரசு, சுவீடன், ஜப்பான் என்று காசு கொடுத்தவங்க மாறி மாறி வந்தாங்க. விறகு சுமந்தது, கன்றுக்குத் தண்ணி ஊத்தினது, ஆட்டை விரட்டினது பெரும்பாலும் நாம. அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இனிமேல் நிதி வரும்போது நம்ம கூட்டமைப்பு மூணு கேள்வி கேட்கணும் என்பது என் கருத்து.

ஒன்று, நடுறதுக்கு மட்டுமா பணம், மூணு வருஷம் தண்ணி ஊத்தவும் வேலி காக்கவும் பணம் இருக்கா? நம்ம வெயிலுக்கு முதல் இரண்டு கோடை தாண்டாத கன்று மரமாகாது. குழி எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் குழிதான் மிஞ்சும். உயிரோட நிற்கிற கன்றுக்குக் காசு கொடுத்தால் மரம் மிஞ்சும்.

இரண்டு, என்ன மரம்? புங்கன், நாவல், இலுப்பை, வேம்பு, பனை மாதிரி நம்ம மண்ணு மரமா, வேற மரமா? நாற்றங்கால் நம்ம குழு கையில் இருந்தால் விதையை நம்ம கோயில் காட்டிலிருந்தே எடுக்கலாம்.

மூன்று, காட்டை மூடினால் விறகுக்கும் ஆட்டுக்கும் மாற்று வழி என்ன? சிலிண்டர் விலைக்குப் பயந்து இன்னும் விறகு அடுப்பு எரிகிற வீடு நம்ம குழுவிலேயே இருக்கு. எங்க மாமியார் சொல்லுவாங்க, "பசிச்ச ஆட்டுக்கு வேலி தெரியாதுடி" என்று. அந்த வீட்டுச் செலவையும் திட்டத்துக்குள்ள எழுதணும்.

இந்த மூணையும் கிராம சபையில் தீர்மானமா எழுதிக் கொடுக்க முடியும். கேட்கிறது பிச்சை இல்லை, நம்ம உழைப்புக்குக் கணக்கு. அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை ஒரு பொருளா வைக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழுவும் தங்க ஊர்க் கோயில் காட்டில் எத்தனை மரம் நிற்குது, என்னென்ன மரம் என்று எண்ணி எழுதிக்கிட்டு வந்தால், நம்ம கணக்கின் முதல் பக்கம் அங்கேயே ஆரம்பிச்சிரும்.