சோம்பல் அன்று, சுமை

மொன்றியலின் உறைபனிக் காலத்தில் பஸ் தரிப்பிடம் வரை நடப்பதே எம்மிற் பலருக்குக் களைப்பைத் தருகின்றது. பெருமூளை வாதமுற்ற பிள்ளையொன்று அதே வழியில் இடைநடுவே நின்றுவிட்டால், "சோம்பல்" என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் எம்மிடையே உளர். அப்பிள்ளையின் களைப்பு மெய்யானது என்பதை மருத்துவ உலகம் அளந்து அறிந்த வரலாற்றை இங்கு நோக்குவோம்.

இந்நோயை விரிவாக எடுத்துரைத்த முன்னோடி, ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஜோன் லிற்றில் ஆவார். இளம்பிள்ளை வாதத்தால் தாமே கால் வளைந்தவர் அவர். கடினமான பிரசவத்துக்கும் பிள்ளைகளின் விறைத்த கைகால்களுக்கும் உள்ள தொடர்பை 1861இல் இலண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கத்தில் அவர் எடுத்துக்காட்டினார். பிறப்புக்கு முன்னரே மூளை பாதிப்புறுவதும் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின. ஆகவே தாயைக் குறைகூற இடமில்லை.

நடையின் உழைப்பை எவ்வாறு அளப்பது? முதுகிற் சுமக்கத்தக்க காற்றுப்பை ஒன்றை 1911இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டக்ளஸ் அறிமுகப்படுத்தினார். வெளிவிடும் மூச்சை அதிற் சேர்த்து ஆராய்ந்து, உடல் செலவிட்ட ஒட்சிசனைக் கணக்கிட முடிந்தது. பின்னர், நாடித்துடிப்பையும் நடைவேகத்தையும் ஒப்பிடும் எளிய முறையும் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறைகளால் இப்பிள்ளைகளின் நடை அளக்கப்பட்டது. ஏனைய பிள்ளைகளைவிட அவர்கள் சராசரியாக ஏறத்தாழ இரு மடங்கு சக்தியைச் செலவிடுகின்றனர். சிலரில் அது மூன்று மடங்கையும் எட்டுகின்றது. காலை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒருசேர இறுகுவது இதற்கொரு காரணம். பிறேக்கை அழுத்தியபடி சைக்கிள் மிதிப்பதற்கு இது ஒப்பாகும்.

இச்சுமையைக் குறைக்கும் முயற்சியில் கனடாவுக்கும் பங்குண்டு. கணுக்காலில் மடங்கும் தாங்கியை அணிந்து நடக்கையில் ஒட்சிசன் செலவு குறைவதை, ஹமில்ரன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் டெசிரே மல்ரேயும் ஓடெட் பார்-ஓரும் பிறரும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டனர். எமது மொன்றியலிலும் லோறன்ற் பலாஸ், மார்ட்டின் லெமே ஆகியோர் பங்குகொண்ட ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. பத்து வாரங்கள் நீரிற் குழுவாகப் பயிற்சி பெற்ற இளையோர், முன்னிலும் குறைந்த நாடித்துடிப்புடன் நடந்தனர்.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? பாடசாலைக்கு நடந்தே வந்துசேரும் பிள்ளை, பாடம் தொடங்குமுன்னரே தன் வலுவிற் பெரும்பகுதியை இழந்துவிடக்கூடும். தூரப் பயணத்துக்குச் சக்கர நாற்காலியை நாடுவது தோல்வியன்று. அதனால் மிஞ்சும் வலு படிப்புக்கும் விளையாட்டுக்கும் உதவும். எவ்வளவு நடை, எவ்வளவு ஓய்வு என்பதை இயன்மருத்துவரிடம் கேட்டறிவோம். ஊரார் என்ன சொல்வர் என்று அஞ்சி, பிள்ளையின் கால்களில் எமது மானத்தை ஏற்றிவைக்க வேண்டாம். அக்கால்கள் ஏற்கெனவே இரு மடங்கு சுமக்கின்றன.