வடகொழும்பு காது கொடுத்த கதை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கணினிக்கு ஹெட்போன் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது ஓர் எண்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘7.1’ என்று அச்சிட்டிருப்பார்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என ஏழு ஒலித்தடங்கள், அடித்தொனிக்குத் தனியாக ஒன்று. தலையில் மாட்டினால் விளையாட்டில் எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பது தெரியும், படம் பார்த்தால் ஹெலிகொப்டர் தலையைச் சுற்றும் என்பது விற்பவரின் வாக்கு. இருக்கும் இரண்டு காதுக்கு எட்டுத் தடம் எதற்கு என்று வாங்குபவர் கேட்டால் பதில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

இந்த ஹெட்போன்களுக்குக் கிராண்ட்பாஸ் போன்ற இடத்தில் ஏன் கிராக்கி என்பதற்கு இடநெருக்கடியே முதல் காரணம். துறைமுகத்துக்கும் களனி கங்கைக்கும் இடையில் கிடக்கும் இந்தப் பகுதி, கொழும்பிலிருந்து வடக்கே போகிற எவரும் ஆற்றைக் கடந்த துறை. 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம் வந்தது. 1895இல் அதன் இடத்தை விக்டோரியா இரும்புப் பாலம் பிடித்தது. வண்டிகளும் சரக்கும் கூலித் தொழிலாளரும் குவியக் குவிய, சுவரோடு சுவர் ஒட்டிய ‘தோட்ட’ வீடுகள் பெருகின. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லோரும் அடுத்தடுத்து வாழும் இந்த ஒழுங்கைகளில் ஆறு ஸ்பீக்கர்களைச் சுற்றி வைத்துப் படம் பார்க்க அறையும் இல்லை. பக்கத்து வீட்டார் விடவும் மாட்டார்கள்.

தனியே காதில் மாட்டிக் கேட்பது இங்கே புதிதல்ல. கொழும்பு முதன்முதலில் வானொலி கேட்டதும் காதில் மாட்டிய கருவியில்தான். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியைக் கட்டி, மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பரிசோதித்தார். 1925 டிசம்பர் 16 அன்று ஆளுநர் ஹியூ கிளிபர்ட் கொழும்பு வானொலியை முறையாகத் தொடங்கி வைத்தார். அந்நாளில் உலகெங்கும் மலிவாகக் கிடைத்த கிறிஸ்டல் வாங்கிக்கு ஒலியைப் பெருக்கும் சக்தி இல்லை. காதுக் கருவியை மாட்டினால்தான் கேட்கும். அந்தக் கருவியும் அப்போது புதுசு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படை வாங்கத் தொடங்கியது 1910ஆம் ஆண்டு வாக்கில்.

வால்வு வானொலிகள் வந்ததும் ஒலி காதை விட்டு அறைக்கு வந்தது. தேநீர்க்கடையில் ஒரு பெட்டி பாடினால் தெருவே கேட்கும். திரையரங்குகள் அதை ஊர்க்கூட்டமாகவே ஆக்கின. அதில் வடகொழும்புக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21 அன்று திரையிடப்பட்டது கொட்டாஞ்சேனை மைலன் தியேட்டரில். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. படமும் ஒலியும் பதிவானது மதுரையில் நாயகத்தின் சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில். கதாநாயகி ருக்மணிதேவியின் குரல் மதுரையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒற்றைத் தடத்தில் வந்து, திரைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கி வழியாக அரங்கை நிறைத்தது. அரங்கில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் திரைப்பக்கத்திலிருந்துதான் குரல் வரும். அதை யாரும் குறையாக எண்ணவில்லை.

அதே ஒற்றைத் தடத்தை வைத்துக்கொண்டு வானொலிக்காரர்கள் செய்த மாயம் இன்னும் பெரிது. தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் போர்க்கால வானொலி 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆயிற்று. அடுத்த ஆண்டு வர்த்தக சேவை தொடங்கியது. இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் 1952இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியதும் தமிழ்நாட்டு வீடுகள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பின. மயில்வாகனம் தொடங்கி கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீட் வரை இங்கிருந்து பேசிய குரல்களை இராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் அடையாளம் கண்டார்கள். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற நாடகங்களுக்காக ஊரே காத்திருந்தது. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலித் தொடர் பெற்ற வரவேற்பால் 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமே வந்தது.

வானொலி நாடகக் கலையகத்தில் நடிகர் மைக்கை விட்டு இரண்டடி பின்வாங்கினால் கேட்பவருக்கு அவர் வாசலுக்குப் போய்விட்டார். முகத்தைத் திருப்பிப் பேசினால் கோபித்துக்கொண்டார். நெருக்கமும் தூரமும் ஒற்றைத் தடத்திலேயே கிடைத்துவிடும். கிடைக்காதது திசை ஒன்றுதான். வந்தவர் இடப்பக்கக் கதவால் வந்தாரா, வலப்பக்கக் கதவால் வந்தாரா என்பதை வசனம்தான் சொல்ல வேண்டும்.

திசை எப்படித் தெரிகிறது என்பதற்குப் பௌதிகம் ஏற்கெனவே விடை கண்டிருந்தது. இடப்பக்கம் எழும் ஓசை வலக்காதை எட்ட, ஒரு விநாடியில் ஏறத்தாழ 1,500இல் ஒரு பங்கு நேரம் கூடுதலாகும். தலை குறுக்கே நிற்பதால் அது சற்று மங்கியும் வரும். தாழ்ந்த ஓசைக்கு நேர வேறுபாடும் உயர்ந்த ஓசைக்கு வலு வேறுபாடும் மூளைக்குத் துப்பாகின்றன என்று ரேலி பிரபு 1907இல் விளக்கினார். முன்னால் வருவதையும் பின்னால் வருவதையும் பிரித்தறிய உதவுவது காது மடலின் மடிப்புகள். அவை ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஓசையை ஒவ்வொரு விதமாக வடிகட்டுகின்றன. அந்த மடிப்புகள் ஆளுக்கு ஆள் மாறுவதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் காசாக்கும் முயற்சி ரேலிக்கும் முந்தியது. 1881ஆம் ஆண்டு பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளமென்ட் அடேர் என்பவர் ஒப்பரா மேடையில் தொலைபேசி மைக்குகளை இணைகளாக வைத்து, கண்காட்சிக்கு வந்தவர்களின் இரண்டு காதிலும் தனித்தனிக் கருவி பிடிக்கச் செய்தார். பாடகர் மேடையில் நடப்பது காதுக்குத் தெரிந்தது. 1931இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளும்லைன் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார். 1933இல் பெல் ஆய்வகம் காதுகளில் மைக் பொருத்திய ‘ஆஸ்கர்’ என்ற பொம்மையைச் சிகாகோ உலகக் கண்காட்சியில் உட்கார வைத்தது. பார்வையாளர்கள் ஹெட்போன் மாட்டி அந்தப் பொம்மை கேட்டதைக் கேட்டார்கள். இன்றைய சரவுண்ட் ஹெட்போனுக்கு மூதாதை அந்தப் பொம்மைதான்.

சினிமா வேறு வழியில் போனது. டிஸ்னி 1940இல் ‘ஃபென்டேசியா’வுக்காக அரங்கு நிறைய ஒலிபெருக்கிகளை நிறுத்தியது, செலவு தாங்காமல் அந்த முறை சில அரங்குகளோடு நின்றுபோனது. 1970களின் நடுவில் டொல்பி நிறுவனம் படச்சுருளின் ஓரத்தில் இருந்த இரண்டே தடங்களுக்குள் நான்கு திசை ஒலியை மடித்து வைக்கும் உத்தியோடு வந்தது. 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ அதை உலகத்துக்கு விற்றுக் கொடுத்தது. தமிழில் 1986இல் ‘மாவீரன்’ 70 எம்.எம். திரையோடும் பல தட ஒலியோடும் வந்தது. 1995இல் ‘குருதிப்புனல்’ டொல்பி ஸ்டீரியோ சரவுண்டுடன் வந்தது. 

கொழும்பில் அந்தக் காலம் அவ்வளவு சீராகப் போகவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாட்டு ரேடியோ ஒன்று வீட்டில் இருப்பது அந்தஸ்து. 1977இல் சந்தை திறந்ததும் ஜப்பானிய கசெட் பெட்டிகள் புறக்கோட்டையில் குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் ஆளுக்கொன்று தூக்கி வந்தார்கள். 1983 ஜூலை வன்செயலில் தமிழருக்குச் சொந்தமான தியேட்டர்கள் பல தீக்கிரையாகின. ஆற்றுக்கு அப்பால் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் அதோடு போயின. கொட்டாஞ்சேனையில் முதல் சிங்களப் படம் பேசிய 36 ஆண்டுகளுக்குப் பிறகு, கூடி உட்கார்ந்து கேட்கும் பழக்கத்துக்கே அடி விழுந்தது. கிராண்ட்பாஸ் வீதியில் அப்போது அச்சான வீரகேசரியின் சினிமா விளம்பரங்களைப் பார்த்து மாலைக் காட்சிக்குக் கிளம்பிய குடும்பங்கள் பல, வீட்டு வீடியோவுக்கு முன்னால் அமர்ந்தன.

அதே காலத்தில் ஹெட்போனும் திரும்பி வந்தது. 1958இல் அமெரிக்காவின் மில்வோக்கியில் ஜோன் கொஸ் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். 1979 ஜூலை 1 அன்று சோனி வெளியிட்ட முதல் வோக்மனில் ஹெட்போன் மாட்டும் துளை இரண்டு இருந்தது. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படலாம் என்று தயாரித்தவர்களுக்கே அப்போது தயக்கம்.

கணினிக்குள் சரவுண்ட் நுழைந்தது விளையாட்டுகளின் வழியாக. சிங்கப்பூரில் சிம் வொங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. 1990களின் பிற்பாதியில் அவுரியல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏ3டி தொழில்நுட்பம், தலையும் காது மடலும் ஒலியை மாற்றும் விதத்தைக் கணக்கிட்டு, சாதாரண ஹெட்போனிலேயே பின்னால் வரும் காலடியைக் கேட்கச் செய்தது. கிரியேட்டிவ் காப்புரிமை வழக்குப் போட்டது. வழக்கில் அவுரியல் வென்றது. ஆனால் வழக்குச் செலவில் திவாலானது. 2000இல் அதன் சொத்தைக் கிரியேட்டிவே வாங்கிக்கொண்டது. 2007இல் விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் ஒலி அட்டையை நேரடியாக அணுகிய வழியையும் அடைத்துவிட்டது. திசைக் கணக்கு அட்டையை விட்டு மென்பொருளுக்கும் யூஎஸ்பி ஹெட்செட்டுக்கும் இடம்பெயர்ந்தது. ‘7.1’ பெட்டிகளின் காலம் பிறந்தது அப்படித்தான்.

அந்தப் பெட்டிகளில் இரண்டு இனம் உண்டு. முதலாவது, ஒவ்வொரு பக்கத்திலும் பல சிறு ஒலிபெருக்கிகளை அடைத்தது. 2012இல் வந்த ரேசர் டியமட் இதற்கு நல்ல உதாரணம். பக்கத்துக்கு ஐந்து ஒலிபெருக்கிகள். கேட்க நேர்மையான வழிபோலத் தோன்றும். ஆனால் காதுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கி எதுவும் உண்மையில் பின்னால் இல்லை. பாரமும் விலையும்தான் கூடின. இந்த இனம் ஏறக்குறைய அழிந்துவிட்டது. இரண்டாவது இனத்தில் பக்கத்துக்கு ஓர் ஒலிபெருக்கிதான். ஏழு தடத்தையும் கணக்குப் போட்டு இரண்டாக மடிப்பது மென்பொருள். டொல்பி 1970களில் படச்சுருளில் செய்த மடிப்பின் நெருங்கிய உறவினர் இது. இன்று கடையில் உள்ளவை பெரும்பாலும் இந்த இனமே.

இதன் பலவீனம் முன்–பின் குழப்பம். பக்கவாட்டு ஓசை துல்லியமாக இருக்கும். நேர் முன்னால் வர வேண்டியது தலைக்குள்ளேயோ பின்னாலோ கேட்கும். கணக்கு வேறொருவரின் காது மடலுக்குப் போடப்பட்டது என்பது ஒரு காரணம். எம்ஐடி ஆய்வகம் 1994இல் ‘கெமார்’ பொம்மைத் தலையில் எடுத்த அளவீடுகளை உலகமே பயன்படுத்தியது. அந்தத் தலை யாருடைய தலையும் இல்லை. தலையை அசைத்தால் ஓசையும் கூடவே நகர்வது இன்னொரு காரணம். வெளியுலகில் சந்தேகம் வந்தால் மனிதன் தலையைத் திருப்பிப் பார்த்துத் தெளிவான். தலையசைவை அறியும் கருவி பொருத்திய ஹெட்போன்கள் இந்தக் குறையைத்தான் குறிவைக்கின்றன.

ஆகவே கடையில் சோதிக்க வேண்டியவை சில. ஒரே காட்சியைச் சரவுண்ட் போட்டும் அணைத்தும் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, சுற்றிவரும் ஓசை முன்னால் வரும்போது முன்னால்தான் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். நன்கு தெரிந்த ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்கும்போது, பாடகர் குரல் குளியலறைக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தால் கணக்கு மோசம். பாட்டுக்கு எப்படியும் சரவுண்டை அணைப்பதே நல்லது. 3.5 மி.மீ. செருகியில் மாட்டும்போதும் ‘7.1’ வேலை செய்யுமா, யூஎஸ்பியில் மட்டுமா என்று கேட்க வேண்டும். விளையாட்டே திசைக் கணக்குப் போடுமானால், 2016 முதல் கவுண்டர் ஸ்ட்ரைக் போடுவதுபோல, ஹெட்செட்டின் கணக்கை அணைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பும். கொழும்பின் புழுக்கத்தில் தோல் போன்ற செயற்கை உறை வியர்த்து, சில காலத்தில் உரியும். துணி உறையும் மாற்று உறை கிடைப்பதும் இங்கே ஆடம்பரம் ஆகா. ஒலியளவுக்கும் எல்லை உண்டு: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் அளவு 80 டெசிபல், வாரம் 40 மணிநேரம்.

மொத்தத்தில் ‘7.1’ என்ற எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10இல் 2017 முதல் ‘விண்டோஸ் சோனிக்’ இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ் 11இலும் உண்டு. அதே பணத்துக்கு நல்ல ஸ்டீரியோ ஹெட்போனும் தெளிவான மைக்கும் வாங்கி, திசைக் கணக்கை மென்பொருளிடம் விட்டுவிடுவதே கிராண்ட்பாஸ் ஒழுங்கையில் கணினி வைத்திருப்பவருக்கு லாபம்.