எல்லோருக்கும் திறக்கட்டும் இணைய வாயில்

சிதம்பரம் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, நடராஜர் திருக்கோயில். மற்றொன்று, நகரின் கிழக்கே பரந்து விரிந்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1920-இல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி, 1929-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்நிறுவனம், 1979-இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. வேலையை விட்டு வர இயலாதவர்கள், வீட்டைவிட்டு வெளியேற முடியாத பெண்கள், கல்லூரி எட்டாத தொலைவில் வாழ்ந்தவர்கள் எனப் பலருக்கு அஞ்சலில் வந்த பாடநூல்களே வகுப்பறையாயின. 2013-இல் பல்கலைக்கழகம் தமிழக அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. 2021-க்குப் பிறகு கடலூர், விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கல்லூரிகளும் அதனுடன் இணைக்கப்பட்டன.

ஆக, அண்ணாமலை நகருக்கு ஒருமுறைகூட வராமலேயே அப்பல்கலைக்கழகத்தின் மாணவராக இருக்க முடியும். அத்தகைய மாணவருக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் எது? அதன் இணையதளம்தான். சேர்க்கை, கட்டணம், தேர்வு விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, தேர்வு முடிவு, சான்றிதழ் என எல்லாமே இன்று இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. கல்லூரிக் கட்டடத்தில் சாய்தளம் இல்லையென்றால் நால்வர் கைகொடுத்துத் தூக்கிவிடக்கூடும். இணையதளத்தில் தடை இருந்தால், அதன்முன் தவிக்கும் மாணவரைப் பார்ப்பவர்கூட எவருமில்லை.

திட்டக்குடி அருகே ஒரு கிராமத்தில் இருந்தபடி தேர்வுக்கு விண்ணப்பிக்க முயலும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கைப்பேசியில் உள்ள திரைவாசிப்பு மென்பொருள், திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்லும். நாம் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்து வேண்டியதைப் பிடித்துக்கொள்கிறோம். அவரோ தலைப்பிலிருந்து தலைப்புக்கும், இணைப்பிலிருந்து இணைப்புக்கும் தாவித்தாவியே தேட வேண்டும். பக்கத்தில் உள்ள 20 இணைப்புகளுக்கும் 'இங்கே சொடுக்கவும்' என்றே பெயர் வைத்திருந்தால், அந்தச் சொல்லையே 20 முறை கேட்பார். எந்த 'இங்கே' எதற்கானது என்று அவருக்குத் தெரியாது.

எப்படியோ தேர்வு அறிவிக்கையைக் கண்டுபிடித்துத் திறக்கிறார். மென்பொருள் மௌனமாகிவிடுகிறது. காரணம், அது கையொப்பமும் முத்திரையும் இடப்பட்ட தாளை ஸ்கேன் செய்து உருவாக்கிய பி.டி.எஃப். கண்ணுக்கு அது எழுத்து. கணினிக்கோ வெறும் படம். அடுத்து விண்ணப்பப் படிவம். கட்டங்களுக்கு முறையான பெயர் இணைக்கப்படாததால், 'உரைப்பெட்டி, உரைப்பெட்டி' என்றுமட்டும் கேட்கிறது. பெயரை எங்கே எழுதுவது, பதிவு எண்ணை எங்கே எழுதுவது? இறுதியில், கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் 'கேப்ட்சா'. ஒலிவழி மாற்று இல்லையெனில் அவருடைய பயணம் அங்கேயே முடிந்துவிடும். கட்டணம் செலுத்தக் கடைசி நாள் மட்டும் அவருக்காகக் காத்திருக்காது.

இவை ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் குறைகள் அல்ல. உலகின் முன்னணி இணையதளங்கள் பத்து லட்சத்தின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் ஆராயும் 'வெப்எய்ம்' அமைப்பு, 2025-இல் அவற்றுள் 94.8 சதவீதத்தில் அணுகல் பிழைகளைக் கண்டறிந்தது. அப்பிழைகளில் பெரும்பாலானவை ஆறே வகைக்குள் அடங்கிவிடுகின்றன: மங்கலான எழுத்து, படங்களுக்கு விளக்க உரை இன்மை, படிவக் கட்டங்களுக்குப் பெயர் இன்மை, பெயரற்ற இணைப்புகள், பெயரற்ற பொத்தான்கள், பக்கத்தின் மொழி எதுவெனக் குறிப்பிடாமை. இவற்றுள் ஒன்றைச் சரிசெய்யவும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

தமிழுக்கென்று தனியாக ஒரு தடையும் உண்டு. அரசு அலுவலகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் நெடுங்காலம் புழங்கியவை பாமினி, வானவில் போன்ற எழுத்துரு முறைகள். பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால், கணினியின் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. திரைவாசிப்பு மென்பொருளோ போர்வையைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் குறிகளையே உளறுகிறது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. ஒருங்குறியில் தட்டச்சு செய்து, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் ஒரு சொல் குறித்துவிட்டால், மென்பொருள் தமிழைத் தமிழாகவே வாசிக்கும். ஆயினும் பழைய எழுத்துருக் கோப்புகளைத் திருத்தித் திருத்திப் புதிய சுற்றறிக்கை ஆக்கும் வழக்கம் அலுவலகங்களிலிருந்து முற்றிலும் நீங்கிவிடவில்லை.

இது கருணை சார்ந்த விஷயம் என்று எண்ணுவோர் இருக்கலாம். அல்ல, சட்டம் சார்ந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு இந்தியா 2007-இல் ஒப்புதல் அளித்தது. அதன் 9-ஆவது பிரிவு, கட்டடங்களையும் போக்குவரத்தையும் போலவே தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது. அதன் வழியில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முன்பு 7 ஆக இருந்த மாற்றுத்திறன் வகைகளை 21 ஆக விரித்தது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டை 32-ஆவது பிரிவு உறுதிசெய்கிறது. தகவல்கள் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது 42-ஆவது பிரிவு. விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் சேவைகளை அவ்வாறு வழங்க வேண்டும் என்கிறது 46-ஆவது பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதம். கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை முதன்முறை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரையும், தொடர்ந்து மீறினால் 50 ஆயிரம் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு வழிசெய்கிறது.

தரம் எது என்பதிலும் ஐயமில்லை. மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகள் 2009-இலேயே வந்துவிட்டன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'ஐ.எஸ். 17802' தரம், 2023-இல் சட்ட விதிகளில் சேர்க்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022-இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

உச்சநீதிமன்றமும் தெளிவாகப் பேசியிருக்கிறது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று அளித்த தீர்ப்பில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க உத்தரவிட்டது. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, எண்மச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஒரு மாணவர் தேர்வு விண்ணப்பத்தைத் தாமே நிரப்ப முடியாமல் போவது இனி தொழில்நுட்பக் கோளாறு மட்டுமல்ல. அடிப்படை உரிமை மறுப்பு.

சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் செயலிலும் வழி தவறலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்ட பாடக் காணொலிகளில் செவித்திறன் குறைந்தோருக்கான எழுத்து வரிகள் இல்லையென்று 2016-இல் அந்நாட்டு நீதித்துறை சுட்டிக்காட்டியது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? 2017-இல் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கிவிட்டது. கதவை அகலமாக்கச் சொன்னால், கதவையே அடைத்த கதை அது. இதே போன்ற வழக்கைச் சந்தித்த ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2019-இல் வேறு முடிவெடுத்தது. தன் காணொலிகளுக்கு எழுத்து வரிகள் சேர்க்க ஒப்புக்கொண்டது.

இன்னொரு தவறான வழியும் உண்டு. பக்கத்தின் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிச் சின்னத்தை ஒட்டிவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் வசதி தந்துவிட்டோம் என்று நிறைவடைவது. அப்பொத்தானால் ஸ்கேன் செய்த அறிவிக்கை பேசிவிடாது. பெயரற்ற கட்டத்துக்குப் பெயர் வந்துவிடாது. இத்தகைய ஒட்டு மென்பொருள் எந்த இணையதளத்தையும் தரத்துக்கு உயர்த்திவிடும் என்று விளம்பரப்படுத்திய ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2025-இல் ஆணையிட்டது.

சரியான வழி எது? அணுகல் தடைகளில் பெரும்பகுதி இணையதள வடிவமைப்பாளரின் மேசையில் பிறப்பதில்லை என்பதை முதலில் உணர வேண்டும். அவை நாள்தோறும் அலுவலகப் பிரிவுகளில் பிறக்கின்றன. பல லட்சம் செலவிட்டு இணையதளத்தைப் புதுப்பித்தாலும், மறுநாள் காலை ஒரு பிரிவு அலுவலர் ஸ்கேன் செய்த சுற்றறிக்கையைப் பதிவேற்றினால், வாயில் மீண்டும் அடைபட்டுவிடும். ஆகவே மாற வேண்டியது முதலில் அலுவலக வழக்கம்.

கணினியில் தட்டச்சு செய்த சுற்றறிக்கையை அச்சிட்டு, கையொப்பமிட்டு, மீண்டும் ஸ்கேன் செய்து படமாக்குவதற்குப் பதிலாக, ஒருங்குறிக் கோப்பிலிருந்து நேரடியாகப் பி.டி.எஃப். ஆக்கி மின்னணுக் கையொப்பம் இடலாம். கையொப்பமிட்ட தாள்தான் வேண்டும் என்றால், அதனுடன் எழுத்து வடிவத்தையும் சேர்த்தே வெளியிடலாம். எழுத்து வடிவம் இல்லாத எந்த ஆவணமும் பதிவேற்றப்படாது என்று பதிவாளர் ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

அடுத்தது, முன்னுரிமை. பல ஆண்டு ஆவணங்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட இயலாது. சேர்க்கை, கட்டணம், தேர்வு விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, முடிவுகள் ஆகிய ஐந்தையும் முதலில் சீர்செய்ய வேண்டும். தவறினால் ஓராண்டு வீணாகும் இடங்கள் இவைதாம். புதிய மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது 'ஐ.எஸ். 17802' தரத்தை நிபந்தனையாக்கி, சோதனைக்குப் பின்னரே பணம் வழங்க வேண்டும்.

அச்சோதனையைச் செய்யத் தகுதியானவர்கள் அவ்வசதியைப் பயன்படுத்துவோரே. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பு மென்பொருள், இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி மாணவர்களையும் பட்டதாரிகளையும் உரிய ஊதியத்துடன் சோதனையாளர்களாக அமர்த்தலாம். கணினித் துறை மாணவர்கள் இதையே தங்கள் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். எளிய சோதனை ஒன்றை எவரும் இன்றே செய்து பார்க்கலாம்: சுட்டெலியைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் பயன்படுத்தி, 'டேப்' விசையால் நகர்ந்து, ஒரு விண்ணப்பத்தை முழுமையாக நிரப்ப முடிகிறதா? முடியவில்லையெனில், கை நடுக்கம் உள்ளவருக்கும் அது முடியாது.

குறை சொல்ல ஓர் இடமும் வேண்டும. அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அவருடைய தொலைபேசி எண் முகப்புப் பக்கத்தில், படமாக அன்றி எழுத்தாக இருக்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். ஆனால், பயன்பெறப் போவோர் அவர்கள் மட்டுமல்லர். எழுத்தாக இருக்கும் அறிவிக்கையைத்தான் தேடுபொறி கண்டுபிடிக்கும். மெதுவான இணைப்பிலும் அதுவே விரைவில் திறக்கும். அழுத்தமான எழுத்தைத்தான் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் வெயிலில் நின்றபடி கைப்பேசியில் படிக்க முடியும். தெளிவான படிவம், முதன்முறையாக உயர்கல்விக்கு வரும் மகளுக்காக அதை நிரப்ப முனையும் தந்தைக்கும் துணைபுரியும்.

வர இயலாதவர்களைத் தேடிச் சென்று கல்வி தந்ததே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெருமை. அப்பணியின் அடுத்த கட்டம் இணைய வாயிலை எல்லோருக்கும் திறந்துவைப்பது. இவ்வட்டாரத்தின் கல்லூரிகள் பலவும் இன்று அப்பல்கலைக்கழகத்தையே பார்த்து நடப்பதால், சிதம்பரத்தில் மாறும் வழக்கம் கடலூரிலும் விழுப்புரத்திலும் மாறும். தேர்வுத் தேதியும் கட்டண விவரமும் எந்த மாணவருக்கும் சிதம்பர ரகசியமாக இருக்கலாகாது.